நபீசா அக்காவும் 'இல்லை' வீடும்

நபீசா அக்கா இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த பெண். குழாயில் வெறும் காற்று வந்தாலும் மீட்டர் ஓடுகிறது என்று நான் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, இந்தச் சந்துக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்த நபீசா இத்தா காலையில் போய்விட்டாரே, சாருக்குத் தெரியாதா என்று மலையாளத்தில் கேட்டார். தெரியாது. எங்கள் சந்தில் மற்ற எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்துவேனாம், அதனால் யாரும் வந்து சொல்லவில்லையாம். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

சுள்ளிக்கல்லில் அவருடைய மகள் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். அவருக்கு மறுபடி சீட்டுக் கொடுக்காத கட்சிக்காரர்கள் முன்னால் நின்றார்கள். அவர் எடுத்துப் போன கோப்புகளை மாதக்கணக்கில் தூங்கவிட்ட ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர்கள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எங்கள் சந்துக்காரர்களோடு சேர்ந்து கபர்ஸ்தான் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். இரங்கல் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இது. ஆனால் அறியாதவர் கையிலும் இது போகலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பத்தில் பிறந்து, மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட முறை வந்தபோது நின்று ஜெயித்து, ஒரு தவணை கவுன்சிலராக இருந்தார். மலையாளிகளுக்கு இத்தா, எங்கள் சந்துத் தமிழர்களுக்கு அக்கா.

நான் முதன்முதலில் அவரைப் பார்க்கப் போனது ஒரு மனுவோடு. எங்கள் சந்தின் ஓடை அடைத்து, மழை பெய்தால் கழிவுநீர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது. நான் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் எழுத்தராக வேலை பார்ப்பவன். முதுகலை படித்தவன். எனக்கு வந்திருக்க வேண்டிய கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. அந்த எரிச்சல் முழுவதையும் அந்த மனுவில் இறக்கியிருந்தேன். மாநகராட்சியின் அலட்சியம், தமிழர்கள் என்றால் இளக்காரம், வரலாறு என்று பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அக்கா அதை என்னையே வாசிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தமும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கோபம் ரொம்ப நல்லா வந்திருக்கு, சாரே. ஓடை எங்க இருக்குன்னுதான் எங்கயும் இல்ல."

அன்றிலிருந்து நான் அவருக்கு 'சாரே'. எந்தக் கல்லூரியும் தராத பட்டம் அது. முதலில் கேலி என்று நினைத்தேன். கேலிதான். ஆனால் அவர் கூப்பிடும்போது கேட்க நன்றாக இருந்தது. ஓடைக்கு மறுவாரம் ஆள் வந்தது. அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே நின்றார். ஓடையை மூடியிருந்த பலகையை எடுத்ததும் உள்ளே என்னென்ன கிடந்தன என்பதை அப்போது நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். யார் வீட்டுத் தலையணை என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

குப்பை விஷயத்தில் அவர் கறார். கால்வாயில் கழிவைக் கொட்டியதற்காக ஒரு பிரியாணிக் கடைக்கு அபராதம் போட்டார்கள். கடை அக்காவின் சொந்தத் தம்பி மகனுடையது. ஒரு போன் செய்தால் போதும் என்று குடும்பம் முழுவதும் வந்து உட்கார்ந்ததாம். அவர் போனை எடுக்கவே இல்லை. ஆனால் அபராதம் கட்டிய அன்று மத்தியானம் அந்தக் கடைக்கே போய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். நான் அப்போது அந்த வழியாகப் போனேன். இதென்ன நாடகம் என்று கேட்டேன். "சட்டத்துக்குச் சொந்தபந்தம் கிடையாது, சாரே. எனக்கு உண்டே" என்றார். எனக்கும் ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார். நான் சாப்பிடவில்லை. அந்தக் கடைக்காரனோடு எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.

இனி எங்கள் வீடுகளின் கதை. இதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

எங்கள் சந்து ஒரு காலத்தில் பண்டகசாலை. நடுவே சுவர் எழுப்பித் தடுத்துத் தடுத்து வீடுகளாக ஆக்கியது. காய்கறி வண்டிக்காரர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், கொத்தனார்கள், இஸ்திரி போடுபவர்கள், நான். எல்லோருக்கும் சேர்த்துப் பண்டகசாலையின் பழைய கட்டட எண் ஒன்றுதான். மாநகராட்சி கணக்கெடுக்க வந்தவர்கள் எண்ணை எழுதிவிட்டு, வீட்டுப்பெயர் கேட்டார்கள். கேரளத்தில் வீட்டுக்குப் பெயர் இல்லாமல் ஆள் கிடையாது. நமக்கு அப்பன் பெயர் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு, வீட்டுக்குப் பெயர் ஏது? முதல் வீட்டில் 'இல்லை' என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் 'இல்லை'. கடைசி வீடு என்னுடையது. நானும் அதையேதான் சொன்னேன், சற்று உரக்க.

மலையாளத்தில் 'இல்ல' என்று சொல்லியிருந்தால் பிரச்சினை வந்திருக்காது. நாங்கள் தமிழில் 'இல்லை' என்றோம். வந்தவர் கேட்டதைக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனார். எங்கோ ஓர் அறையில் அதைக் கணினியில் ஏற்றியவருக்கு அது ஒரு பெயராகத் தோன்றிவிட்டது. முல்லை, தில்லை என்றெல்லாம் தமிழர்கள் பெயர் வைப்பதில்லையா, அதுபோல 'இல்லை'யும் ஒரு பெயர். எண் ஒன்று, வீட்டுப்பெயரும் ஒன்று. ஆகவே சந்து முழுவதும் ஒரே வீடு.

சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் வீடுதோறும் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டுத் தெருக்குழாயை எடுத்துவிடும் திட்டம் வந்தது. எங்களுக்கு ஒதுக்கியிருந்த இணைப்பு ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்ததும் சந்து முனையிலிருந்த தெருக்குழாயை வெட்டிவிடுவார்கள். மட்டாஞ்சேரியில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு. அத்தனை குடும்பங்களும் ஒரு குழாயில் வாய் வைக்க வேண்டும், இல்லையென்றால் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்க வேண்டும். என் அம்மா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். அவருக்கு நாளில் எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருந்தது என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

நான் அலுவலகத்துக்குப் போய்த் தவறு உங்களுடையது, நீங்களே அழியுங்கள் என்றேன். வீட்டுப்பெயர் இல்லாமல் கணினி ஏற்காது என்றார்கள். வார்த்தை வளர்ந்து, என்னை வெளியே போகச் சொன்னார்கள். அக்காவிடம் வந்து, நியாயம் நம் பக்கம், வழக்குப் போடலாம் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நியாயம் நம்ம பக்கம்தான். தண்ணி அவங்க பக்கம் இருக்கே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்துக்கு வந்து, துணி காயும் கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றைக்கே ஒரு பெயர் வேண்டும் என்றார். காய்கறி வண்டிக்காரர்களான அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்த வீடு. இரண்டு பேருக்கும் அம்மா பெயர்தான் வேண்டும். பேச்சியம்மாள். கடைசிக் காலத்தில் யார் வீட்டில் கஞ்சி குடித்தாள் என்பது வரை பேச்சு போனது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மாவைப் பங்கு போட வேண்டாம். பெரியவனுக்குப் பேச்சியம்மாள், சின்னவனுக்குப் பேச்சி. சின்னவன்தானே செல்லமாக் கூப்பிடுவான்?" பெரியவர் தலையாட்டினார். தம்பி அழுதுவிட்டார்.

இஸ்திரி போடும் செல்வி, புருஷன் விட்டுப் போனவள், எல்லோருக்கும் வழிவிட்டுப் பின்னால் நின்றாள். கடைசியில், 'என் வீடு' என்று போட முடியுமா அக்கா என்று கேட்டாள். படிப்பவன் எல்லாம் தன் வீடு என்று நினைத்துக்கொள்வானே என்று யாரோ கிண்டல் செய்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், இவள்தானே உள்ளே இருக்கப் போகிறாள் என்றார் அக்கா.

என் முறை வந்தது. என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறோம், இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதித்தான் தண்ணீர் வாங்க வேண்டுமா, நான் பெயர் வைக்க மாட்டேன் என்றேன். சந்தே என்னை முறைத்தது. ஒருத்தனால் எல்லாம் கெடப் போகிறது என்று பேச்சியம்மாள் வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தார். அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறியது.

"எல்லாரும் வேற பேருக்கு மாறியாச்சு. இப்ப 'இல்லை'ங்கிற வீடு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நீங்க அப்படியே இருங்க, சாரே. அந்தப் பேருக்கு உங்களை விட்டா வேற ஆள் ஏது?"

சந்து முழுவதும் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். என் வீம்பை யாரும் மதித்ததில்லை. உடைக்கப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஒதுங்கிப் போவார்கள். அவர் ஒருவர்தான் அதற்குச் சந்தில் ஓர் இடம் ஒதுக்கினார்.

குறை கேட்கும் அதாலத்து நாளில் எங்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் இல்லாத பெயர் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டார். குழந்தை பிறந்த பிறகுதானே பெயர் வைக்கிறோம், இந்த வீடுகள் உங்கள் கணக்கில் இப்போதுதான் பிறக்கின்றன என்றார் அக்கா. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரில் பார்த்து, தனித்தனி அடுப்பு எரிந்தால் தனித்தனி வீடு என்று எழுதி வரச் சொன்னார். பார்க்க வந்தவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாயா கொடுக்கப்பட்டது. எந்த வீட்டிலும் மறுக்கக்கூடாது, மறுத்தால் அந்த அடுப்பு கணக்கில் வராது என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்கு வந்தபோது அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழாய்கள் வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. வார்டு பொது வார்டாக மாறியது. கட்சி வேறொரு ஆளை நிறுத்தியது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கொதித்துப் போய் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். "சுத்துற நாற்காலின்னு தெரிஞ்சுதானே உக்காந்தேன், சாரே" என்றார். நீங்கள் மன்னிக்கலாம், நான் மன்னிக்க மாட்டேன் என்றேன். "சரி, என் பங்குக் கோபத்தையும் நீங்களே வெச்சுக்குங்க" என்றார். வைத்திருக்கிறேன்.

தண்ணீர் திறந்த அன்று புதிய கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டினார். அக்காவுக்கு அழைப்பு இல்லை. பந்தலைப் பிரித்து எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் சுள்ளிக்கல்லில் மகள் வீட்டிலிருந்து ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு வாசலாக நின்று, வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வருகிறதா என்று கேட்டார். பேச்சியம்மாள், பேச்சி, என் வீடு. உள்ளே இருந்தவர்கள் தங்கள் வீட்டுப்பெயரை இன்னொருவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் அம்மாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"இல்லை வீட்டுக்காரரே, தண்ணி இருக்கா?"

"இருக்கு, அக்கா."

அவர் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குளோரின் வாசனை தூக்கலாக இருக்கிறது, இதற்கு ஒரு மனு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் சந்தே சிரிக்கும். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெயரை. இப்போது செல்போனிலேயே மாற்றிவிடலாம், நல்ல பெயராக வைக்கலாம் என்று என் மகள் நச்சரிக்கிறாள். மாற்ற மாட்டேன். பார்சல் கொண்டுவருகிறவர்கள் சந்து முனையில் நின்று, இல்லை வீடு எது என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நான் வெளியே வந்து கையைத் தூக்கி, இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது என்று சொல்கிறேன்.