விளம்பரத்துக்கு மசியாத பெரியப்பா

எங்கள் பெரியப்பாவை எந்த விளம்பரத்தாலும் அசைக்க முடியாது. இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து டிவி முன் உட்கார்ந்தால், விளம்பரம் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிடுவார். "எவன் இன்னா கூவினாலும் நம்மகிட்ட பாச்சா பலிக்காது" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஆண்டுகளில் லோக்கல் கேபிளில் வீட்டுமனை விளம்பரம் ஓயாமல் ஓடியது. ஞாயிறுதோறும் இலவச வேன், மனையைப் பார்த்தால் மத்தியானம் பிரியாணி. பெரியப்பா வாராவாரம் போவார், சாப்பிடுவார், வாங்காமல் திரும்புவார். விளம்பரக்காரனை ஜெயித்துவிட்டதாக அவருக்கு எண்ணம். பெரியம்மா ஒரு நாளும் கூடப் போனதில்லை. வாடகை வீட்டு மாடிப்படியில் நின்று வழியனுப்புவாள்.

காலாண்டு லீவுக்குப் போயிருந்த என்னையும் ஒரு ஞாயிறு அந்த ஓசிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். வேப்பம்பட்டு தாண்டி வேன் நின்றது. சிமெண்ட் வளைவில் ஏதோ ஒரு நகரின் பெயர். உள்ளே வெயிலில் வெள்ளையடித்த கற்கள் மட்டும் வரிசையாக நின்றன. எல்லோரும் பந்தல் நிழலுக்குப் போக, பெரியப்பா நேரே ஒரு மூலை மனைக்கு நடந்தார். கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்து, காலை உயர்த்தி, எதையோ தாண்டினார்.

"நெலப்படி இடிக்கும். குனிஞ்சிக்கினு வா கண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினேன். வெளியே கொதித்த மண் உள்ளே காலைச் சுடவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பயமாக இருந்தது. அவர் இல்லாத சுவரைத் தடவியபடி ஹால், பூஜை அறை என்று காட்டிக்கொண்டு போனார். "இங்க உக்காரு, ஃபேனுக்குக் கீழ."

அப்போது ஏஜெண்ட் ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். மூலை மனை, நல்ல காற்று என்று சொல்லிக்கொண்டே அவர்களைச் சுவர் வழியாக உள்ளே கூட்டி வந்தார்.

"செருப்போட ஊட்டுக்குள்ள வராதீங்க!"

பெரியப்பா போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் குழந்தையை வாரிக்கொண்டாள். "இன்னா நைனா, இந்த வாரமுமா? பேஜாரா போச்சுங்க ஒங்களோட" என்று முனகி, ஏஜெண்ட் அவர்களை வேறு மனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர்கள் மிதித்த இடத்தைப் பெரியப்பா குனிந்து துண்டால் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், பெரியப்பா இந்த வாரமும் ஏமாறவில்லை என்று பெருமையாக அறிவித்தேன். அவர் கைகால் கழுவப் போனார். பெரியம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அங்கேர்ந்து கெளம்பி வரசொல்ல சமையக்கட்டு ஜன்னல சாத்தினாரா? போன வாரம் தொறந்தே போட்டுட்டு வந்துட்டாரு. மழ வர்ற மாதிரி கீது."

"ஜன்னலே இல்ல பெரிம்மா. அங்க வெறும் கல்லுதான் கீது."

அவள் என் கையை விட்டாள். உள்ளதைத்தானே சொன்னேன், அதற்குப் போய் ஒரு பெரிய மனுஷி ஏன் இப்படி அழுகிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.