பன்னெண்டு கிலோப் பொய்

நேத்து பதுளைப் பக்கம் ஒரு பாறையடியில வச்சி ஒரு பொய் சொல்லிப்போட்டன்.

சின்னப் பொய்தான். பன்னெண்டு கிலோ.

(சிரிக்கிறாக்கள் இப்பவே சிரிச்சி முடிங்க. மறுகா சிரிக்க ஏலாது.)

மூண்டு பேர் போனம். நான், சுகி, டெரிக். ஒரே டியூட்டரியில படிச்ச கூட்டம்.

சுகிதான் வான் ஓடினவ. டெரிக் டவுனில ஏசி திருத்திறவன், எங்கட செட்டில ஆக மெலிஞ்ச ஆள். நான் களுவாஞ்சிக்குடியில ஒரு ஒபிசில நாள் முழுக்க கதிரையில இருக்கிற ஆள்.

மலை ஏறின அனுபவம் எண்டா, உன்னிச்சைக் குளக்கட்டில ஏறி நிண்டு போட்டோ எடுத்ததுதான்.

இந்தப் பயணமே டெரிக்ட ஆசை. ஆறு மாசமா பாறை ஏறுற வீடியோவாப் பாத்து எங்களுக்கும் அனுப்பி அனுப்பி உயிர வாங்கினவன்.

விடியக் காலம வெளிக்கிட்டு, செங்கலடிச் சந்தியில திரும்பி, பதுளை றோட்டால நேர போனம். மகாஓயாவில பிளேன்டீ. பிபிலை தாண்ட வளைவு தொடங்கிச்சி. லுணுகலையில டெரிக் சத்தி எடுத்தான். பசறையில நான். சுகிக்கு ஒண்டுமில்ல, ஸ்டியரிங் பிடிக்கிறாக்களுக்கு வராதாம்.

பாறை ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னுக்கு இரிக்கி. எங்களுக்குப் பழக்கினது மகேஸ் அக்கா, அந்தத் தோட்டத்து ஆள்தான். கதை குறைவு, கண் எல்லா இடமும் இருக்கும்.

முறை இதுதான். கயிறு மேல ஒரு வளையத்துக்குள்ளால போய்த் திரும்பிக் கீழ வரும். ஒரு நுனி ஏறுற ஆள்ட இடுப்பில. மத்தப் பக்கம் கீழ நிக்கிற ஆள்ட இடுப்பில. ஏறுற ஆள் வழுக்கினா, கீழ நிக்கிற ஆள் கயித்த இறுக்கித் தாங்கணும். அதால ரெண்டு பேர்ட நிறையும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கணும்.

மகேஸ் அக்கா எல்லாருக்கும் முன்னால கேட்டா, "நீங்க எத்தன கிலோங்க?"

பக்கத்தில கொழும்பில இருந்து வந்த பொடியன்மார் கூட்டம் ஒண்டும் நிண்டுது.

"அறுவத்தாறு" எண்டன்.

"அறுவத்திரண்டு" எண்டான் டெரிக்.

அக்கா என்னப் பாத்தா. அவனப் பாத்தா. "சரி, நீங்க ரெண்டு பேரும் ஜோடி" எண்டிட்டா.

ஏறினன். பாதி மட்டும் நல்லாத்தான் போச்சி. அங்க கால் வைக்க இடம் இருந்திச்சி, கை வைக்க இடம் இல்ல. விரல் வழுக்கிச்சி.

நான் கீழ வாறன். டெரிக் மேல போறான். கப்பியில ரெண்டு வாளி கட்டின மாதிரி. நடுவில ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டம்.

அவன்ட முழங்கால் பாறையில அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டிச்சி. மகேஸ் அக்கா ஓடிவந்து அவனுக்குக் கீழ தொங்கின கயித்தப் பிடிச்சி இழுத்துத்தான் நிப்பாட்டினா. என்ட கால் நிலத்துக்கு ரெண்டு முழம் மேல தொங்கிச்சி.

அவன் கயித்த விடவேயில்ல.

இறங்கின உடன அவன் சொல்றான், "சொறி ரஜனி. என்ட பிழை. எனக்கு இது சரிவராது போல. சுகி பிடிக்கட்டும், நான் வானுக்க போய் இருக்கன்."

முழங்கால்ல இருந்து ரத்தம் வடியுது, அவன் என்னட்ட மன்னிப்புக் கேக்கிறான்.

நான் பேசாம நிண்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிய வந்திராது. அவன் வானுக்க போயிருப்பான், இனி ஒரு பாறைக்கும் வந்திருக்க மாட்டான். எனக்கு என்னையே நினைக்க அருவருப்பா இருந்திச்சி.

"டேய், உன்ட பிழை இல்ல. நான் எழுபத்தெட்டு."

சத்தமாத்தான் சொன்னன். கொழும்புப் பொடியன்மாரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.

டெரிக் ரத்தத்தத் துடைச்சான். மறுகா மெதுவாச் சொன்னான், "நான் அம்பத்திமூண்டு."

"என்னத்துக்கடா கூட்டிச் சொன்ன?"

"எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், சாப்பாடு கிடைக்கிறதில்லையா தம்பி எண்டு கேக்கிறாங்க. இஞ்சயும் கேப்பாங்க எண்டு நினைச்சன்."

சுகி சிரிப்ப அடக்க ஏலாம அங்கால போயிட்டா.

மகேஸ் அக்கா ஏசுவா எண்டு நினைச்சன். ஏசினா. நல்லா ஏசினா. "என்னங்க, பொண்ணு மாப்ள பாக்கவா வந்தீங்க? இது உசுரு விசயங்க." மறுகா குரல் இறங்கிச்சி. "ஒங்கள பாத்தப்பவே எனக்கு சந்தேகம் வந்திச்சி. திருப்பிக் கேட்டிருக்கணும். அது என் தப்பு."

மருந்து போட்டு, முழங்கால மடக்கி நீட்டச் சொல்லிப் பாத்தா. பெரிசா ஒண்டுமில்ல, தோல்தான் போயிருக்கு. அதுக்குப் பிறகு டெரிக்ட இடுப்புப் பட்டியில இன்னொரு கயித்தக் கட்டி, பின்னுக்கு நிண்ட பெரிய மரத்தில இறுக்கினா.

"சுகி பிடிக்கட்டும்கா" எண்டான் அவன் திரும்பவும்.

"நீதான் பிடிக்கிற" எண்டன் நான். "ஆகாயத்தில போய்க்கொண்டும் கைய விடாத ஆள இனி நான் எங்க போய்த் தேடுறது?"

அவன் கயித்த எடுத்துக்கிட்டான்.

இந்த முறை உச்சி மட்டும் போனன். மேல இருந்து பாத்தா தேயிலை, அதுக்குக் கீழ றோட்டு, றோட்டில எங்கட வான்.

"டேய், பிடிச்சிருக்கியா?" எண்டு கத்தினன்.

கீழ இருந்து பதில் வந்திச்சி.

"ஓம். நான் உன்னப் பிடிச்சிருக்கன். மரம் என்னப் பிடிச்சிருக்கு. மரம் எத்தின கிலோ எண்டு ஒருத்தரும் கேக்கல்ல, நீ பாத்து இறங்கு."