தாஸுக்காக நான் கேட்ட ஒரு வருஷம்

தாஸ் போய்விட்டான்.

காலையில் அவன் நம்பரிலிருந்து கால். "என்னடா, இவ்வளவு காலையில?" என்று எடுத்தேன். பேசியது அவன் மனைவி ஸ்டெல்லா. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். ஐம்பது வயது கூட ஆகவில்லை.

போனை வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை... அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் போல.

நெய்வேலியில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒர்க்‌ஷாப் ஃபுட்பால் டீமுக்கு கேப்டன். தாஸ் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் ஆள். இருபது வயது. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பந்தை வாங்கி, வெறுங்காலோடு நாலு பேரைத் தாண்டிப் போனான். ஐந்தாவது ஆள் நான். என்னை எப்படித் தாண்டினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த இடது கால்... அப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. புத்தி மட்டும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது.

பாஸ் கொடுக்க மாட்டான். கேட்டால், "நீங்க வுட்ருவீங்கண்ணே" என்பான். ரெஃப்ரி பின்னாலேயே போய் அவர் நடப்பது போல நடந்து காட்டுவான். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்காத ரெஃப்ரி டவுன்ஷிப்பில் யாரும் இல்லை. அவனுடைய மேஸ்திரியிடம் கெஞ்சி அவனுக்கு ஷிஃப்ட் மாற்றி வாங்குவேன். என் ஷிஃப்டையும் மாற்றிக்கொள்வேன். இவ்வளவுக்கும் பிறகு இந்தத் துரை மட்டும் ஆட்டத்துக்கு லேட்டாகத்தான் வருவார்.

ஒரு தடவை பாதி ஆட்டத்தில் அவனை வெளியே எடுத்தேன். ஆட்டம் முடிந்து பார்த்தால் ஆளையும் காணோம், எங்கள் புதுப் பந்தையும் காணோம்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி மேல்பட்டாம்பாக்கம் போனேன். வாசலில் அவன் அம்மா. "உள்ளதான் படுத்துகினு இருக்கான் சார். நேத்துலேர்ந்து சோறு திங்கல" என்றார். பந்தைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

"எந்திரிடா."

"என்ன ஏன் வெளிய எடுத்தீங்க?"

"பாஸ் குடுக்காததுக்கு."

கொஞ்சம் யோசித்தான். "சரி, இனிமே குடுக்கறேண்ணே. மூணு தடவ குடுக்கறேன்."

மூன்று! ஒரு மேட்சுக்கு! பாவி, எண்ணிக்கொண்டே விளையாடினான். மூன்றாவது பாஸ் கொடுத்ததும் என் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டுவான். அதற்குப் பிறகு செத்தாலும் பந்து வராது.

டீமில் எல்லோரும் அவனை விரட்டச் சொன்னார்கள். "பொறுங்கப்பா, சரியாயிடுவான்" என்பேன். என் பொறுமையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போதுதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபுட்பாலுக்கு ஒரு இடம் வந்தது. பெர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, எல்லாம். கான்ட்ராக்டில் அள்ளிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஊரில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

செலக்‌ஷன் மேட்சில் தாஸ் இரண்டு கோல் போட்டான். மூன்றாவதுக்கு கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். எதிரே காலி கோல். பந்தைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, திரும்பி, கீப்பரைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று கையைக் காட்டினான். ஓடிவந்த இன்னொருவன் பந்தை வெளியே அடித்துவிட்டான். தாஸ் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிந்ததும் தேர்வுக்கு வந்திருந்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவனத்தான் எடுக்கலாம்னு இருக்கேன். கூட இருந்து பாத்தவர் நீங்க. ஆள் எப்படி?"

"ஆட்டம் நல்லா இருக்கும் சார். பக்குவம்தான் பத்தாது. ஒரு வருஷம் டைம் குடுங்க... நான் சரிபண்ணிக் கொண்டு வர்றேன்."

தலையாட்டினார். வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஃபுட்பாலுக்கு இடம் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அப்புறம் அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு எனக்குக் கோபம். இன்னொன்றும் உண்டு. பெர்மனென்ட் ஆனால் கம்பெனி டீமுக்குப் போய்விடுவான். ஆகாவிட்டால் இன்னொரு வருஷம் எங்களோடு ஆடுவான். அதுவும் மனசில் ஓடியது. இல்லை என்றால் பொய்.

அவனிடம் இதைச் சொல்லவே இல்லை.

முட்டி போகும்வரை கான்ட்ராக்டிலேயே இருந்தான். பிறகு ஊரில் ஆட்டோ ஓட்டினான். என் மகள் கல்யாணத்துக்கு வந்தவன், பந்தியில் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "இப்பல்லாம் லேட்டா வர்றதில்ல கேப்டன்" என்றான். சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றினேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

இன்று மதியம், அடக்கம் எப்போது என்று கேட்க ஸ்டெல்லாவை மறுபடி கூப்பிட்டேன். நாளைக் காலை பத்து மணி என்றாள். பிறகு அவளே பேசினாள்.

"ஒங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாருண்ணே. அந்த வேலைக்கு ஆபீசர் இவர வாணாம்னு சொல்லிட்டாராம். நீங்கதான் ஒரு வருஷம் டைம் குடுங்கன்னு இவருக்காகக் கெஞ்சுனீங்களாம். யாரோ சொல்லியிருக்காங்க அவருகிட்ட. கூடப் பொறந்தவன் கூட அப்படி கேக்க மாட்டான்னு புள்ளைங்ககிட்டல்லாம் சொல்லுவாருங்க."

"ஆமாம்மா, கேட்டேன்" என்றேன்.

தாஸ்... நாளைக் காலை வருகிறேன். உன் பிள்ளைகள் என்னைக் கும்பிடுவார்கள்.

போய் வாடா.