கத்தும் வண்டிகளுக்கு ஒரு மூலை

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கிறவருக்குப் பெயரும் டோக்கன்தான். பெரிய டாக்டர் முதல் தரை பெருக்குகிற அம்மா வரை எல்லாருக்கும் அவர் டோக்கன் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் கிடந்தது. கையெழுத்துப் போடும்போது அவரே அதை யாரோ ஒருவர் பெயரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார்.

பதினொரு வருடமாக அதே தகரக் கூரை, அதே பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஒன்பது மணிக்குள் கூரைக்குக் கீழே முந்நூறு மோட்டார் சைக்கிள்கள் முட்டிக்கொண்டு நிற்கும். நிறுத்துகிறவர்கள் சும்மா நிறுத்துவதில்லை. ஹேண்டிலைப் பூட்டுவார்கள். முன்சக்கரத்து டிஸ்க்கில் ஒரு பூட்டு, பின்சக்கரத்தில் கைத்தடிமனுக்கு ஒரு சங்கிலி, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அலாரம். அப்புறம் "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் போனையும் அணைத்து வைத்துவிடுவார்கள். பார்ப்பதற்கென்ன, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டோக்கன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவரால் முடியவில்லை.

ஒரு வண்டி பசித்த குழந்தை மாதிரி அழும். ஒன்று ஆம்புலன்ஸ் மாதிரியே ஊளையிடும். அது வந்த முதல் வாரத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் இரண்டு தடவை ஓடிவந்து ஏமாந்து போனார்கள். இன்னொன்று பெண் குரலில் "தொடாதே, தொடாதே" என்று கத்தும். அதன் சொந்தக்காரரோ பார்க்க மகா சாதுவான மருந்துக்கடைக்காரர். பூனை குதித்தால் கத்தும், தெருவில் லாரி போனால் கத்தும், பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் போதும். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் திருடன் தொட்டு எந்த வண்டியும் கத்தியதில்லை என்று டோக்கன் அடித்துச் சொல்வார். காது புளித்துப் போய்விட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அரைத்தூக்கத்தில் "நம்பர் என்ன?" என்று கேட்பார்.

இந்த வேலையை எப்போதோ உதறியிருப்பார். உதற முடியாததற்குக் காரணம் தகரக் கூரைக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. டயாலிசிஸ் வார்டு. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அவர் மனைவி அங்கே மெஷினோடு படுத்திருந்தாள். ஊழியர் குடும்பத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் அது இலவசம். வெளியே பணம் கொடுத்துச் செய்துகொள்ள அவர்களால் ஆகாது. பொது ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து எட்டு மாதம் காத்திருந்தவர்களை அவருக்குத் தெரியும். கூப்பிடுவதற்குள் போய்ச் சேர்ந்தவர்களையும் தெரியும். ஆகவே டோக்கன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வார்டு சிஸ்டர் ஜன்னலைத் திறந்து கெஞ்சினாள். "அண்ணே, நாலு மணி நேரம் ஊசியோட படுத்திருக்காங்க. இந்தச் சத்தத்துல பிபி ஏறுது. எதாச்சும் பண்ணுங்களேன்."

எதாச்சும் பண்ணுவது லேசா? பூட்டிய வண்டி நகராது. டோக்கன் யோசித்து, வெல்டரைப் பிடித்து, பழைய ஸ்ட்ரெச்சர் சக்கரங்களை வைத்து இரண்டு குட்டிப் பலகைகள் செய்துகொண்டார். முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்று, பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்று. எத்தனை பூட்டு போட்டிருந்தாலும் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். கத்துகிற வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போய், சலவைக்கூடத்துக்குப் பின்னால், பாய்லர் சுவரோரம் விட்டுவிடுவார். பாய்லர் இரைச்சலில் அது எவ்வளவு கத்தினாலும் மாடிக்குக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். வண்டிக்காரர் வந்து தேடினால் "மூலையில பாருங்க" என்பார்.

ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரே பாராட்டு. பாதுகாப்பு அதிகாரி, சிரிப்பதையே செலவாக நினைக்கிற மனிதர், அவரே தோளில் தட்டிக் கொடுத்தார். மனைவி அன்று மெஷினோடு நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னாள். டோக்கனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு நாளைக்கு எட்டு, பத்து வண்டி தள்ளினார். இடுப்பு விட்டுப்போனது. இருந்தாலும் தள்ளினார்.

அப்புறம் வண்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதல் வண்டி போனபோது, சொந்தக்காரர் வேறெங்கோ நிறுத்திவிட்டுத் தேடுகிறார் என்றுதான் நினைத்தார்கள். அப்படி மறக்கிறவர்கள் வாரத்துக்கு இருவர் உண்டு. இரண்டாவது போனதும் அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். மூன்றாவது, ரத்தம் எடுக்கிற பெண்ணுடையது. புது வண்டி. நான்கு பூட்டு போட்டிருந்தாள். சாயங்காலம் நான்கு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்து நின்றாள். அழக்கூட இல்லை.

முன்வாசலில் கேமரா இருக்கிறது. மூன்று வண்டியும் அந்த வழியாக வெளியே போகவில்லை. மிச்சம் பின்கேட். சலவை வண்டியும் குப்பை வண்டியும் வருகிற வழி. அங்கே கேமரா கிடையாது, ஒரு காவல்காரன் மட்டும்தான். முப்பது வயது, ஒல்லி உடம்பு, வாய் நிறையப் பேச்சு. பின்கேட்டுத் தம்பி என்றுதான் டோக்கன் கூப்பிடுவார்.

அதிகாரி அவனைத்தான் பிடித்தார். கேட் எப்போது திறந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் எழுதாமலே கேட் திறந்ததை எதிர்க் கட்டிட வாட்ச்மேன் பல நாள் பார்த்திருக்கிறான். ஏன் திறந்தாய் என்று கேட்டதற்கு, அவ்வளவு பேசுகிற வாய், அன்றைக்கு மூடிக்கொண்டதாம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாளில் உண்மையைச் சொல்லாவிட்டால் போலீஸ் என்று கெடு வேறு.

மறுநாள் காலை பத்தரை மணி. சலவைக்கூடத்து ஆள் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நிறுத்துமிடத்தின் ஓரமாக வந்தான். வழி அகலமாகக் கிடந்தது. ஆனாலும் அவன் துணிவண்டி போய் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்தது. அது குழந்தைக் குரலில் அழ ஆரம்பித்தது.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

"ஸாரிண்ணே. சக்கரம் இழுக்குது."

எப்போதும் நடக்கிற பேச்சுதான். மாதக்கணக்காக அவன் இடிப்பான், இவர் திட்டுவார். டோக்கன் பழக்கத்தில் பலகைகளை எடுத்துக் குனிந்தார். குனிந்தவருக்குத் தன் கட்டைவிரல் நகம் கண்ணில் பட்டது. கன்றிப்போய்க் கறுப்பாக இருந்தது. முந்தின நாள் ரத்தம் எடுக்கிற பெண்ணின் வண்டியைப் பலகையில் ஏற்றும்போது டிஸ்க் பூட்டில் நசுங்கிய விரல் அது.

அந்த வண்டியையும் இவன்தான் இடித்தான். அதற்கு முன்னால் போன இரண்டையும்கூட.

டோக்கன் குனிந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். சலவை ஆள் துணிவண்டியோடு மூலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய கூட்டாளிகள் சலவை வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தினமும் பத்தரைக்கு வருகிற வேன். பதிவேட்டில் ஒழுங்காக எழுதி, பின்கேட் வழியாகவே வந்து போகிற வேன். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிளை அமுக்கிவிட்டால் அது கத்துவது யாருக்குக் கேட்கும்? மூன்று பேர் தூக்கினால் எந்தப் பூட்டு தடுக்கும்? ஆள் நடமாட்டமுள்ள கூரைக்கடியிலிருந்து பாய்லர் மறைவு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அந்த வேலையை டோக்கன் தன் இடுப்பு ஒடியச் செய்து கொடுத்திருக்கிறார். சத்தம் அடங்கியதும் 'அப்பாடா' என்று நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்.

அவர் வண்டியைத் தள்ளவில்லை. அழுதால் அழட்டும் என்று பலகைகளோடு அங்கேயே நின்றார். பத்து நிமிஷம் கழித்து வேன் மோட்டார் சைக்கிள் எதையும் ஏற்றாமல் பின்கேட் வழியாகப் போயிற்று.

போய்ச் சொல்லியிருக்கலாம், அப்போதே. சொல்லவில்லை. வண்டியை நிறுத்துமிடத்தை விட்டு நகர்த்தியது யார், நகர்த்தியதை எங்கும் எழுதாதது யார் என்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும். அவர் வேலை போனால் மாடியில் ஒரு மெஷின் நின்றுபோகும். இரண்டு நாளும் அவர் அதையே நினைத்துக்கொண்டு டோக்கன் கிழித்தார். பின்கேட்டுத் தம்பிக்கு வேறு வேலை கிடைக்கும், சின்ன வயசு, என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவன் வீட்டிலும் சோறு தின்கிற வாய்கள் உண்டு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. மனைவி, "என்ன, முகமே சரியில்ல?" என்றாள். "தூக்கமில்ல" என்றார். அது பொய்யில்லை.

கெடு முடிகிற அன்று பதினொரு மணிக்குப் பின்கேட்டுத் தம்பி வந்தான். அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தவன், தன் பழைய வண்டியை எடுக்க டோக்கன் சீட்டை நீட்டினான். எப்போதும் சட்டைப்பையில் தொங்குகிற விசில் கயிறு இன்று இல்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கண்ணே."

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்டா."

"நீங்க ஒருத்தராவது நம்புறீங்களே." அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அக்காவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ்தானே? வந்துட்டாங்களா?"

"வந்துட்டா. ஏன்?"

"இல்ல, இனிமே ஆட்டோவை முன்வாசலுக்குத்தான் விடச் சொல்லணும். புதுசா வந்திருக்கிறவன் திறக்க மாட்டான். முன்வாசல்லேருந்து லிப்ட் ரொம்பத் தூரம். சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கங்க."

டோக்கனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் காலையில் ஆட்டோவில் வருவாள், இவர் அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார். எந்த வழியாக வருகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை.

"அவ பின்கேட் வழியாவா வந்தா?"

"வாரம் மூணு நாள். நடக்க முடியல, கொஞ்சம் திறப்பான்னு ஒரு தடவை கேட்டாங்க. திறந்தேன். நோட்டுல எழுதினா கேள்வி வரும்னு எழுதல."

"அதைத்தானேடா அவர் கேட்டாரு? ஏன் திறந்தேன்னு? சொல்லியிருக்க வேண்டியதுதானே!"

"எப்படிண்ணே சொல்றது? உங்க வீட்டு ஆளுக்காக ரூலை மீறினேன்னு சொன்னா உங்க வேலைக்கும் வேட்டு வெச்சிருவாங்க. அக்கா மெஷினுக்கு எங்க போவாங்க?"

சொல்லிவிட்டு அவன் வண்டியை உதைத்தான். பழைய வண்டி, மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பும். இரண்டாவது உதைக்குள் டோக்கன் அவன் சாவியைப் பிடுங்கிவிட்டார்.

"இங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் நாற்காலியில உக்காரு."

"எங்கண்ணே போறீங்க? ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

டோக்கன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பலகைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். மேஜைமேல் வைத்தார். சலவை ஆள் இடிப்பதிலிருந்து வேன் போவது வரை, ஆட்டோவையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி பலகையின் சக்கரத்தை ஒரு விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சலவைக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். போலீசுக்குப் போன் செய்தார். பின்கேட்டுத் தம்பியை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லச் சொன்னார். அப்புறம்தான் இவரைப் பார்த்தார்.

"இந்தப் பலகை இல்லாட்டி ஒரு வண்டியும் போயிருக்காதுய்யா."

"ஆமாங்க சார்."

"நானும் தட்டிக் கொடுத்திருக்கேன். அது வேற." அவர் பார்வையை விலக்கிக்கொண்டார். "மூணு வண்டிக்காரங்களுக்கும் நான் யாரையாவது காட்டணும். நாளையிலேருந்து நீங்க வரவேணாம். மாசக் கடைசி வரைக்கும் உங்க வீட்டம்மா வரலாம், அது என் பொறுப்பு. அதுக்கு மேல என்னால ஆகாது."

மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது. டோக்கன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். குழாயில் ரத்தம் சுற்றி வந்துகொண்டிருந்தது. காலடி கேட்டு விழித்தாள்.

"வேலை நேரத்துல இங்க என்ன?"

அவர் சொன்னார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. அவள் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல."

"என் உயிரு. என்னைக் கேக்கத் தோணல உங்களுக்கு."

கேட்காததற்குக் காரணம் உண்டு. அவள் சொல்லாதே என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். சொல்லு என்று சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயந்தார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் வந்து மெஷினைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டு போனாள்.

"கேட்டைத் திறக்கச் சொன்னது நான்தான்," என்றாள் கடைசியில், சுவரைப் பார்த்தே. "அந்தப் பையனை நாலு பேரு முன்னால நிக்க வெச்சது நான்தான்."

"நீ என்ன பண்ணுவே, பாவம்."

"பாவமாம்." கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது அவளுக்கு. துடைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. கீழ யாரும் உங்களைத் தேட மாட்டாங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க."

டோக்கன் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவளோடு அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.