தேவனின் வண்டியும் சென்டர் ஸ்டாண்டும்

போன சனிக்கிழமை மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியின் கார் பார்க்கில் ஒரு மனிதர் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். ஒரு கையில் கோப்பி, மற்றக் கையால் ஒரு பிடி, காலால் ஒரு மிதி. அவ்வளவுதான். சாமான் தள்ளுவண்டியோடு நான் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டேன்.

"என்னப்பா, அந்த மனுசனை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள் மனைவி.

"தேவன்ரை ஞாபகம் வந்திட்டுது."

அவள் தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

தேவன் மலாய் நாட்டு ஈப்போக்காரன். இந்த ஊரில்தான், ஒரு குளிர்க்கிடங்கில், நாங்கள் இரண்டு பேரும் பெட்டி அடுக்கினோம். அவன் இரண்டிரண்டாகத் தூக்குவான். நான் ஒன்றைத் தூக்கிவிட்டு, மேலாளர் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். மத்தியானம் அவன் நெத்திலிச் சம்பலைத் திறந்தால் யாராவது எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்கள். வேலை முடிந்ததும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டர்வேயில் பறப்பான். அவனுடைய ஜாக்கெட்டில் அதே சம்பல் வாசம் பெட்ரோலோடு கலந்திருக்கும். அந்த ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நான் தேவாரம் சொல்லிக்கொண்டு வருவேன்.

விசா முடிந்து, புதுப்பித்துக் கொடுக்காதபோது, வண்டியைத் தகனினியில் என் வீட்டுக் கராஜில் விட்டு ஊருக்குப் போனான். சைடு ஸ்டாண்ட் முன்பே ஒடிந்துபோயிருந்தது. புறப்பட்ட அன்று தானே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சீட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஆறு மாசத்துல வந்துருவேன் மச்சான். நிமிந்தே நிக்கட்டும், சாய விட்டுடாத."

ஆறு மாதம் இரண்டு வருடமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, "வண்டி நிக்குதா?" என்றுதான் தொடங்குவான். எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்சே கிடையாது. அது நிற்காமல் வேறு எங்கே போகும்? ஆனாலும் அவன் நிறுத்தியபடியே அது நிற்கும்வரை அவன் திரும்பி வருவான் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. வண்டிக்கு ஒரு பொட்டு வைத்துவிடச் சொன்னான். பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பக்தி முற்றிவிட்டது. டெயரி என்கிற மூலைக்கடையில் இரண்டு தேசிக்காய் வாங்கிவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். பின்சக்கரம் அந்தரத்தில் நின்றதே, தேசிக்காய் எப்படி நசியும்? ஆகவே வண்டியை முன்னால் தள்ளி இறக்கினேன். இறங்குவதற்கு அதற்கு என் உதவியே தேவைப்படவில்லை. தேசிக்காய் இரண்டும் அழகாக நசிந்தன.

திரும்ப ஏற்றத்தான் முடியவில்லை. இழுத்தேன், தூக்கினேன், பிள்ளையாரையும் கூப்பிட்டேன். மூன்றாம் முறை தேசிக்காய்ச் சாற்றில் கால் வழுக்கி, வண்டி முழுப்பாரத்தோடு என்மேல் சாய்ந்தது. இடுப்பால் தாங்கிக்கொண்டேன். விட்டால் விழும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். புலிவாலைப் பிடித்தவன் கதைதான். ஒரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் போனை எடுத்துத் தேவனை அழைத்தேன்.

"ஏன் மச்சான் மூச்சு வாங்குது?"

"உன்ரை வண்டியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஏத்தேலாமல் கிடக்கு."

"யாரு ஒன்ன எறக்கச் சொன்னா?"

சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தூக்காத லா. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையில படணும். அப்பறம் ஒடம்பு மொத்தத்தையும் அந்த மிதில ஏத்து."

ஏற்றினேன். வண்டி அசையவில்லை. என் உடம்பு மொத்தமும் அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பின்சக்கரத்துக்குக் கீழ ஒரு பலகை வச்சுட்டு மிதி."

பலகை இருந்தது. நாலு எட்டுத் தள்ளி, சுவரோரம். கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை.

"நான் அங்க இருந்தா ஒரு மிதில..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பிறகு குரல் வேறாக வந்தது. "மச்சான், விசா திரும்பவும் கெடைக்கல. நேத்து மெயில் வந்துச்சு. இனிமே மனு போட முடியாதாம்."

அவனுக்காகச் செய்யக்கூடிய ஒரே காரியத்தையும் செய்ய முடியாமல் நின்றேன். ஆகவே பொய் சொன்னேன்.

"மச்சான், ஏறிட்டுது. நிக்குது."

ஸ்டாண்டில் ஏறும்போது அந்த வண்டி பெரிய பூட்டு விழுவதுபோல் ஒரு சத்தம் போடும். அவனுக்குத் தெரியாததா?

"சத்தம் கேக்கலையே," என்றான் மெதுவாக. பிறகு, "சரி மச்சான். நிக்கட்டும்," என்று வைத்துவிட்டான்.

அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சுவரில் சாய்த்தேன். ஒரு கண்ணாடி உடைந்தது. பிறகு, வண்டியை விற்றுவிட்டதாக அவன் அனுப்பிய செய்திப்படி, புக்கெகோஹி என்ற ஊரிலிருந்து ஒருவர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். தேவன் அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு தீபாவளிக்குத் தீபாவளி என்றாகி, அதுவும் நின்றுபோனது.

கடைத்தொகுதியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவனுடைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். ஒரு பெண் மலாயில் ஏதோ கேட்டாள். "தேவன், தேவன்," என்று இரண்டு தரம் சொன்னேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை.