தலைகீழாய் நின்ற எழுத்துகள்

நியூ ஜெர்சியில் சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். ஊரில் கீழே தள்ள வேண்டும். பத்து வருஷமாகியும் என் விரலுக்கு இது பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டு இரண்டு முறை தட்டிப் பார்க்கிறேன். இசக்கிமுத்து நினைவுக்கு வருகிறார்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில், உடைத்த கப்பல்களிலிருந்து வரும் பித்தளை சுவிட்சுகளை மீன்பிடிப் படகுகளுக்குப் பொருத்திக்கொடுத்தவர் அவர். எங்கள் பக்கத்து வீடு. அமெரிக்கக் கப்பல் சுவிட்சு என்றால் தலைகீழாகத்தான் மாட்டுவார். அப்போதுதான் நம் வழக்கப்படி கீழே தள்ளினால் வேலை செய்யும். அதில் பொறித்த எழுத்துகள் கவிழ்ந்து நிற்கும்.

1979இல் முகமது இஸ்மாயில் முதலாளியின் படகில், தண்ணீர் இறைக்கும் பம்புக்கு அப்படியொன்றை மாட்டினார்.

“புதுப் படகுல எழுத்து சிரசாசனம் போடுதே! நேரா வையும் ஓய்” என்றார் முதலாளி.

நேராக வைத்தார். படகோட்டும் ஸ்ராங்கு ராசப்பனிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவர் போவதற்குள் படகு கடலுக்குப் போய்விட்டது.

காயல் கடலில் சேரும் அழிமுகத்துக்கு வெளியே படகு தண்ணீர் ஏறிச் சாய்ந்தது. அதிலிருந்த நால்வரையும் வேறொரு படகு காப்பாற்றியது. ராசப்பன் பம்பைப் போடாமல் உறங்கிவிட்டான் என்று துறை முழுக்கப் பேச்சு. யாரும் அவனைப் படகில் ஏற்றவில்லை.

படகை இழுத்து வந்த அன்று அவன் கெஞ்சினான். “சுவிட்சு தாழ்ந்துதான் கெடந்தது முதலாளி, கண்ணால கண்டேன். எஞ்சின் சத்தத்துல பம்பு ஓடுதான்னு எங்க கேக்கும்?”

“சொப்பனத்துல கண்டிருப்பே.”

கூட்டம் சிரித்தது. இசக்கிமுத்து சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் படகில் இறங்கி, சுவிட்சின் சேற்றைத் துடைத்தார்.

“இது கீழ கெடந்தா ஓடாது மொதலாளி. நான்தான் நேரா மாட்டினேன். அவங்கிட்ட சொல்லாம விட்டதும் நான்தான்.”

நேராக வைக்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ராசப்பனுக்கு வேறு படகு கிடைத்தது. இசக்கிமுத்துவை ஒரு வருஷம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் மனைவி ஒச்சம்மாள் மிளகுக் கிடங்குக்குப் புடைக்கப் போனாள். துறைப் பக்கம் போவதையே அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒருநாள் ராசப்பன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பழைய அமெரிக்கக் கப்பல் சுவிட்சு.

“பம்புக்கு. மாட்டித் தாங்க அண்ணாச்சி.”

“எப்படிடே மாட்டணும்?”

“எனக்கா எழுத்து வாசிக்கத் தெரியும்? தலகீழாவே வைங்க.”

இசக்கிமுத்து உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்தார்.