ஒப்பந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு சத்தம்

இன்று காலை சாத்தூர் டீக்கடையில், அணுகுண்டுச் சோதனைத் தடை பற்றிப் புதிதாக வாங்கிய புத்தகத்தை மச்சான் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரஷ்யாவும் அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டுட்டாக, மாப்ளே. இனிமே வானத்துல வெடிக்க மாட்டாக."

அப்போது அச்சங்குளம் பக்கமிருந்து பெரிய சத்தம். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தோம், புகை. இன்னொரு சத்தம் வருமோ என்று நின்றோம். வரவில்லை. உட்கார்ந்தோம்.

"எங்கன விட்டேன்?"

"வானத்துல வெடிக்க மாட்டாகன்னு சொன்னீக."

சாயங்காலம்தான் தெரிந்தது. வெடித்தது அங்கிருந்த பட்டாசுக் கம்பெனி; அதில் இறந்தவள் மாரியம்மா. போன வருசம் வரை எங்கள் காட்டில் களையெடுத்தவள்.

எனக்கு அழுகை வரவில்லை. இரவு வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

நாளைக் காலையில் துக்கத்துக்குப் போகணும். உலக விவகாரமெல்லாம் பேசுகிற நான், அவள் புருசனிடம் என்ன பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.